பேங்கை மாடிக்கு ஏற்றிய கட்டடம்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், மார்க்கெட் தெருவும் 12ஆவது தெருவும் சந்திக்கிற முனையில் 36 மாடி உயரத்துக்கு நிற்கிறது பிஎஸ்எஃப்எஸ் கட்டடம். 1816இல் தொடங்கிய ஃபிலடெல்ஃபியா சேவிங் ஃபண்ட் சொசைட்டி (சுருக்கமாக பிஎஸ்எஃப்எஸ்) என்ற சேமிப்பு வங்கி இதை 1932இல் கட்டி முடித்தது. ஜார்ஜ் ஹோவ், வில்லியம் லெஸ்கேஸ் என்ற இருவர் வடிவமைத்தார்கள். இதில் வேடிக்கை, தரைத்தளத்தில் பேங்க் இல்லை! அது கடைவீதி, கீழே கடை வைத்தால் நல்ல வாடகை வரும், அதனால் வாடிக்கையாளர்களை எஸ்கலேட்டரில் மேலே வரவைத்தார்கள்.

சரி, மேலே பேங்குக்குப் பெரிய ஹால் வேண்டும் என்றால் நடுவே தூண்கள் நெருக்கமாக நிற்கக்கூடாது. ஆனால் தலைக்கு மேலே ஒரு கோபுரமே இருக்கிறதே, அதன் தூண்கள் எங்கே இறங்கும்? ஹாலுக்கு மேலே ராட்சத எஃகு டிரஸ்களைப் போட்டார்கள். கம்பிகளை முக்கோணங்களாக இணைத்த சட்டம்தான் டிரஸ். நாலு கம்பியை மூலையில் ஆணியடித்துச் சதுரமாக்கினால், பக்கவாட்டில் தள்ளியதும் சாய்ந்துவிடும். முக்கோணம் அப்படிச் சாயாது, ஏதாவது ஒரு கம்பி நீண்டாலோ குறுகினாலோதான் உருமாறும். மேலிருந்து வரும் பாரம் சாய்ந்த கம்பிகள் வழியாக, சிலவற்றை அமுக்கியும் சிலவற்றை இழுத்தும், இரண்டு ஓரங்களுக்கும் போய்ச் சேர்ந்து அங்கிருக்கிற தூண்களில் இறங்கிவிடுகிறது.

தூண்களைப் பற்றி ஒரு தகராறும் உண்டு. கட்டடக்கலைஞர்களுக்குக் கிடைக்கோடுகள் மேல் ஆசை, வங்கித் தலைவர் ஜேம்ஸ் வில்காக்ஸோ கோபுரம் செங்குத்தாக உயர்ந்து தெரிய வேண்டும் என்றார். பக்கச் சுவர்களில் தூண்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது அதனால்தான். எனக்கென்னவோ அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

முழுக்கக் குளிரூட்டப்பட்ட அமெரிக்க உயர்கட்டடங்களில் இது இரண்டாவது, சான் அன்டோனியோவின் மைலம் கட்டடம் 1928லேயே முந்திவிட்டது. ஏசி என்றாலே உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிற வேலைதான், அதற்கான இயந்திரங்களுக்கு இடம் வேண்டும். கூரைமேல் இருக்கிற இயந்திரங்களை மறைக்கிற தட்டியாகவும் உதவுவது, 27 அடி உயர எழுத்துகளில் 'பிஎஸ்எஃப்எஸ்' என்று எழுதிய பெயர்ப்பலகை. முதலில் அதில் எரிந்தது நியான். குறைந்த அழுத்தத்தில் அடைத்த நியான் வாயுவுக்குள் உயர் மின்னழுத்தம் பாய்ந்தால், ஓடும் எலக்ட்ரான்கள் அணுக்களை மோதிக் கிளர்த்துகின்றன, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது விடுகிற ஆற்றல்தான் அந்தச் சிவப்பு. வண்ணக் கண்ணாடியே தேவையில்லை.

வங்கி 1992இல் மூடப்பட்டது, 2000இல் கட்டடம் ஹோட்டலானது. பெயர்ப்பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை.