தளவாடம் வேறு, வழங்கல் வேறு

“ராணுவத் தளவாடப் பணியாளர்களுக்கான கையடக்கப் பயிற்சி அமைப்பு நவீனமயமாக்கல்.” போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக அச்சடித்த நடப்பு நிகழ்வுக் குறிப்பு ஒன்றில் இருந்த வரி இது. ஆட்களையும் பொருள்களையும் உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைக் குறிக்கும் ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தளவாடம் என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்த்துச் சலித்தாயிற்று. ஆனால் பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் பட்டாளத்தில் சேருவதற்காக விடியற்காலையில் சாலையில் ஓடிப் பழகும் பையன்கள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதனால் விட்டுவிட மனம் வரவில்லை. அக்னிவீர் தேர்வில் கிளார்க், ஸ்டோர் கீப்பர் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறவன் நாளைக்குச் செய்யப்போகும் வேலையின் பெயர் இது. அதையே தப்பாகக் கற்றுக்கொண்டு போகலாமா?

முதலில் மூலச்சொல். பிரெஞ்சு மொழியில் ‘லோஜே’ என்றால் தங்கவைப்பது. படை போகிற வழியில் வீரர்களுக்குத் தங்குமிடமும் முகாமும் பார்த்துவைக்கும் அதிகாரிக்கு அந்தச் சொல்லை ஒட்டியே பதவிப் பெயர் இருந்தது. நெப்போலியனிடமும் பிறகு ரஷ்யாவிடமும் பணியாற்றிய ஜோமினி, 1838-இல் போர்க்கலை பற்றி எழுதியபோது லாஜிஸ்டிக்ஸைத் தனிப் பிரிவாகவே வைத்தார். கணக்கிடுதல் என்ற பொருள் உள்ள கிரேக்கச் சொல்லோடு இதை இணைப்பவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் கருத்து ஒன்றுதான். ஆளையும் பொருளையும் வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில் சேர்ப்பிக்கும் வேலை அது.

இப்போது தளவாடத்துக்கு வருவோம். தளவாடம் என்றால் சாமான். போர்த் தளவாடம் என்றால் துப்பாக்கி, பீரங்கி, குண்டு. கட்டுமானத் தளவாடம் என்றால் மண்வெட்டி, சட்டி, சாரக்கம்பு. பள்ளிக்கூடத்து இருப்புப் பதிவேட்டில் தளவாடப் பொருள்கள் என்ற தலைப்பின் கீழ் மேசையும் நாற்காலியும் பீரோவும் இருக்கும். இலங்கைத் தமிழில் தளபாடம் என்றாலே மரச்சாமான்தான். இவை எல்லாமே கண்ணால் பார்க்கிற, கையால் தொடுகிற பொருள்கள். தளபதி, தளவாய் என்று படையோடு சேர்ந்த சொற்கள் காதில் ஒலிப்பதால், தளவாடமும் ராணுவத்துக்குப் பொருந்தும் என்று யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் அப்படியே நகல் எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் வரும் குழப்பம் சின்னதில்லை. திருச்சியில் 1966-இல் தொடங்கிய ஆர்டினன்ஸ் ஃபேக்டரி இருக்கிறது. நம் பக்கத்து மக்கள் துப்பாக்கித் தொழிற்சாலை என்பார்கள். தளவாடம் என்ற சொல்லுக்கு உண்மையான உரிமை அங்கேதான். ராணுவத்திலும் இந்தப் பிரிவினை தெளிவாகவே உண்டு. ஆயுதம், வெடிமருந்து, உடுப்பு ஆகியவற்றை வைத்துக் காப்பது ஆர்டினன்ஸ் பிரிவு. ரேஷன், எரிபொருள், வண்டி எல்லாம் ஏ.எஸ்.சி. எனப்படும் ஆர்மி சர்வீஸ் கோர் பிரிவின் பொறுப்பு, அது தன் பிறப்பை 1760-லிருந்து எண்ணுகிறது. தளவாடப் பணியாளர் என்று எழுதினால், படிப்பவனுக்குத் துப்பாக்கி செய்கிறவர் நினைவுக்கு வருவாரா, எல்லைச் சாவடிக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோகிறவர் வருவாரா?

டெல்டாக்காரர்களுக்கு இதை நூல் வைத்து விளக்க வேண்டியதே இல்லை, நெல் கொள்முதல் நிலையம் போதும். குறுவை அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. எடைத் தராசு இருக்கிறது, தூற்றும் இயந்திரம் இருக்கிறது, ஈரப்பதம் பார்க்கும் மீட்டரும் இருக்கிறது. பதினேழு சதவீதத்துக்குள் ஈரம் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். நாற்பது கிலோ சிப்பமாகப் பிடித்து, வாயைச் சணலால் தைத்து, தார்ப்பாயால் மூடி அடுக்கியும் ஆயிற்று. லாரிதான் வரவில்லை. ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்துக்கொண்டால் அடி மூட்டை நனைந்து, சாக்கின் இழை வழியாக முளை எட்டிப் பார்க்கிறது. மேல் மூட்டையைத் தூக்கினால் புளித்த வாடை முகத்தில் அடிக்கிறது. அங்கே தளவாடத்துக்கு என்ன குறை? எல்லாம் இருந்தது. நின்றுபோனது லாஜிஸ்டிக்ஸ். இரண்டும் ஒன்று என்று சொல்கிறவர் ஒரே ஒரு முறை அந்தக் களத்தில் வந்து நிற்க வேண்டும்.

அந்த வேலைக்கு நம் ஊரில் பெயரும் உண்டு. ‘மூட்டைகளை உடனே இயக்கம் செய்ய வேண்டும்’ என்றுதான் விவசாயிகள் கோரிக்கை வைக்கிறார்கள். இயக்கம் நல்ல உயிருள்ள சொல். ஆனால் அது நகர்த்துவதை மட்டுமே சொல்லும்; இருப்பு வைப்பதையும் கணக்குப் பார்ப்பதையும் பங்கிடுவதையும் சொல்லாது. தவிர, கட்சி இயக்கமும் திரைப்பட இயக்கமும் அந்தச் சொல்லை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஏற்பாட்டியல் என்று எழுதுகிறவர்கள் தளவாடக் கட்சியைவிட மேல், பொருளையாவது யோசித்திருக்கிறார்கள். ஆனால் ஏற்பாடு என்பது கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் பொது. இயல் என்று முடித்தால் அது படிப்பாகிவிடுகிறது. லாரி ஓட்டுபவரும் கிடங்கு எழுத்தரும் செய்வது வேலை, இயல் அல்ல.

என் தேர்வு வழங்கல். ரேஷன் அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் குடிமைப் பொருள் வழங்கல் துறை தெரியும், ஆகவே புதிதாக யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. வழங்கு என்ற வினைக்குக் கொடு என்பதோடு உலவு, இயங்கு என்ற பொருளும் உண்டு. ‘வளிவழங்கு மல்லல்மா ஞாலம்’ என்கிறது குறள். காற்று இயங்குகிற வளமான பெரிய உலகம். இயங்குவதும் கொடுப்பதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. லாஜிஸ்டிக்ஸுக்கு இதைவிட நெருக்கமான சொல்லை யாராவது காட்டினால் ஏற்றுக்கொள்ளலாம். ராணுவத்தில் படைவழங்கல், பொதுவில் வழங்கல் பணி, அவ்வளவுதான்.

அந்த வரியின் மற்ற சொற்களும் சும்மா விடக்கூடியவை அல்ல. கையடக்கம் என்றால் உள்ளங்கையில் அடங்குவது. கைபேசி அடங்கும். பெட்டி பெட்டியாக மடிக்கணினிகளையும் திரைகளையும் அடைத்து முகாமுக்கு முகாம் கொண்டுபோகிற சாதனம் எப்படி அடங்கும்? வண்டியோடு வந்தால் நடமாடும் என்று சொல்லலாம். நடமாடும் மருத்துவமனை, நடமாடும் மண் பரிசோதனை நிலையம் என்று நாம் சொல்வதில்லையா? பெட்டியில் வந்தால் எடுத்துச்செல்லும் என்று சொன்னால் போதும். பயிற்சி அமைப்பு என்றால் ஏதோ சங்கம் என்று தோன்றும். உண்மையில் அது சரக்கு ஏற்றும் திட்டம், இருப்புக் கணக்கு, வண்டித் தொடரை நடத்துவது ஆகியவற்றைத் திரையில் செய்துபார்க்கும் கருவித் தொகுப்பு. சீருடை போட்டவரைப் பணியாளர் என்பதும் ஒட்டவில்லை, படையினர் என்றால் என்ன குறைந்துவிடும்? ‘படைவழங்கல் பிரிவினருக்கான, எடுத்துச்செல்லும் பயிற்சிக் கருவிகளைப் புதுப்பிக்கிறார்கள்’ என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படுவதை எடுக்கிறார்கள், அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்வதில்லை. கணினி மொழிபெயர்ப்பு வந்தபிறகு அகராதியைத் திறப்பதும் நின்றுவிட்டது.

ஒரு கேள்வி வரும்: சப்ளையும் வழங்கல், லாஜிஸ்டிக்ஸும் வழங்கல் என்றால் எப்படிப் பிரிப்பது? பள்ளிப் பொருளாதாரப் பாடத்தில் ‘தேவையும் அளிப்பும்’ என்று எப்போதோ படித்திருக்கிறோம். சப்ளைக்கு அளிப்பு இருக்கிறது. சப்ளை செயினுக்கு அளிப்புத் தொடர் என்று சொல்லலாம். குடிமைப் பொருள் வழங்கல் என்ற பெயர் அப்படியே நிற்கட்டும், அங்கே நடப்பதும் கொள்முதல், கிடங்கு, லாரி, கடை என்ற முழு வழங்கல் வேலைதானே.