பழகப் பழக என்ன நடக்கிறது?

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் தருமபுரிப் பக்கத்துத் தெருக்களில் புளி வாசம் ஏறிவிடும். உலுக்கிக் காயவைத்த பழத்தின் ஓட்டை நீக்கி, நாரை உரித்து, கல்லின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. கூலி கிலோ கணக்கில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருத் திண்ணையில் ஐம்பதைக் கடந்த ஓர் அம்மாள் இவ்வாறு தட்டிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுக்குக் குடிவந்திருந்த வங்கி ஊழியப் பெண் ஒருவர் நாள்தோறும் மாலையில் அவரைக் கடந்து போவார். முன்னவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பின்னவர் கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து மாற்றலாகி வந்த பட்டதாரி. அடுத்த பங்குனிக்குள் ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் முதல் ஆளாக நிற்கும் அளவுக்கு அவர்கள் நெருங்கியிருந்தார்கள்.

இயல்பாக இப்படி நடப்பதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்ற பழமொழியைச் சமூகவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதி செய்திருக்கின்றன. வயது, படிப்பு, தொழில் ஆகியவற்றில் தம்மைப் போன்றவர்களோடுதான் மக்கள் பெரிதும் நட்புக் கொள்கிறார்கள். ஆனால் இதற்கெல்லாம் விருப்பத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஒத்தவர்களை ஒரே பள்ளியிலும் ஒரே அலுவலகத்திலும் ஒரே தெருவிலும் கொண்டுபோய் நிறுத்துவது சமூகத்தின் ஏற்பாடு. வேறு பாதையில் போகிறவர் நம் கண்ணில் படுவதே அரிது என்பதால், பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்வி எழவே வாய்ப்பில்லாமல் போய்விடுகிறது.

கண்ணில் படுவதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1950இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில், ஒரே தளத்தில் அடுத்தடுத்த கதவுகளுக்குள் வசித்தவர்களில் 41 விழுக்காட்டினர் நெருங்கிய நண்பர்களாயிருந்தனர்; இடையில் ஒரு வீடு வந்தால் அது 22 ஆகவும், தளத்தின் இரு கோடிகளில் இருந்தால் 10 ஆகவும் குறைந்தது. எல்லோரும் ஏறி இறங்கும் மாடிப்படியை ஒட்டியிருந்த வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்து நண்பர்கள் கூடுதல். நம் ஊர்த் திண்ணை செய்துவந்த வேலையும் கிட்டத்தட்ட இதுதான். அதை இடித்து வாகனம் நிறுத்த இடம் எடுத்தபோது எதை இடித்தோம் என்பதை நாம் கணக்கில் எடுக்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருப்பது ஏன் பிடித்துப்போவதாக மாறுகிறது? உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல், பொருள் தெரியாத சொற்களையும் சீன எழுத்தைப் போன்ற வடிவங்களையும் முன்பின் அறியாத முகங்களின் படங்களையும் காட்டிச் சோதித்தார். எத்தனைக்கெத்தனை அதிகமாகக் காட்டினாரோ அத்தனைக்கத்தனை அவை நல்லவையாகத் தோன்றின. புதிய முகம் மனத்தை எச்சரிக்கையில் வைக்கிறது. அதே முகம் பலமுறை வந்தும் தீங்கு நேராதபோது எச்சரிக்கை தளர்கிறது, அடையாளம் காண்பதும் எளிதாகிறது, அந்த எளிமையையே மனம் விருப்பமாக எடுத்துக்கொள்கிறது என்பது பொதுவான விளக்கம். 1992இல் வெளிவந்த இன்னொரு சோதனையில் நான்கு பெண்கள் ஒரு கல்லூரி வகுப்புக்குள் முறையே 0, 5, 10, 15 முறை வந்து யாரோடும் பேசாமல் அமர்ந்து சென்றனர். அதிகமுறை வந்தவரையே மாணவர்கள் அதிகமாக விரும்பினர். தமிழில் ஒரு தொழிலுக்குக் கை பழகுவதும் ஒரு மனிதரோடு பழகுவதும் ஒரே சொல்லாக இருப்பது எனக்கு இதனால்தான் வியப்பளிப்பதில்லை.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று சொன்னவர்களும் நாம்தான், அதுவும் பொய்யில்லை. கலிபோர்னியக் குடியிருப்பு ஒன்றில் 1976இல் செய்யப்பட்ட ஆய்வில் நண்பர்களைப் போலவே வெறுக்கப்பட்டவர்களும் அருகிலேயே வசித்தது தெரியவந்தது. ஆகவே அருகில் இருப்பது வாசலைத் திறப்பதோடு சரி; உள்ளே வருவது எது என்பதை வேறு சில நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் அவற்றை நான்காகச் சொன்னார்: அந்த இடத்திலாவது இருவருக்கும் சம நிலை, பொதுவான நோக்கம், அதற்காகக் கூடி உழைத்தல், ஊரோ நிறுவனமோ தரும் ஆதரவு. இந்தக் கருத்துக்கு மிகத் தெளிவான சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களைத் திரட்டிய பொருளியலாளர் மேட் லோ, ஒரு பகுதியினரை ஒப்பீட்டுக்காக ஆடாமல் நிறுத்திவைத்து, மற்றவர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். ஆடியவர்களில் சிலரைத் தம் சாதியினரோடும் சிலரைப் பல சாதியினரோடும் குலுக்கல் முறையில் அணிசேர்த்தார். ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு கூடியது, எதிரணியாக மோதியவர்களிடம் விளைவு பெரும்பாலும் தலைகீழாயிற்று என்று 2021இல் அவர் எழுதினார். மைதானமும் ஆட்டமும் ஒன்றுதான். யாருக்காக ஓட்டம் எடுத்தோம் என்பதே வேறு.

திண்ணைக்குத் திரும்பினால், முதல் சில வாரங்கள் வங்கி ஊழியர் நின்றபடியே நலம் விசாரித்தார். அம்மாள் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னார். ஒரு மாலை, “நின்னுக்கிட்டே பேசினா எனக்குக் கழுத்து வலிக்குதும்மா, ஒக்காரு” என்று அவர் சாக்கை நகர்த்திப் போட, இவர் தரையில் அமர்ந்து ஒரு சுத்தியலை எடுத்தார். முதல் அடியிலேயே கொட்டை நசுங்கிச் சதையோடு ஒட்டிக்கொண்டது. கொட்டையின் விளிம்பில் படும்படி லேசாகத் தட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அம்மாள். படித்தவர் மாணவியாகவும் படிக்காதவர் ஆசிரியையாகவும் மாறிய அந்த அரைமணி நேரத்தில்தான் ஆல்போர்ட் சொன்ன சம நிலை வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

அதன்பின் பேச்சு. அறிமுகமில்லாத இருவரை அமர்த்தி, மேலோட்டமானவற்றில் தொடங்கிப் படிப்படியாக அந்தரங்கமாகும் கேள்விகளை மாறிமாறிக் கேட்கச் செய்தால், முக்கால் மணி நேரத்தில் அவர்கள் கணிசமாக நெருங்குகிறார்கள் என உளவியலாளர் ஆர்தர் ஆரனின் குழு 1997இல் காட்டியது. முக்கியக் கருத்துகளில் ஒத்தவர்களாகப் பார்த்து இணை சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் விளையவில்லை. ஒருவர் சிறிது திறக்க மற்றவரும் அதே அளவு திறப்பதே நெருக்கத்தை வளர்க்கிறது. ஒருவர் மட்டும் கொட்டித் தீர்த்தால் அது முறையீடு ஆகிவிடும். நெருக்கம் நிலைக்க நேரமும் வேண்டும்: தகவல் தொடர்பியல் ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் தந்த மதிப்பீட்டின்படி சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. ஒரு புளிப் பருவத்து மாலைகளைக் கூட்டினால் முதல் கணக்கு எளிதில் தேறும்.

இத்தகைய உறவுக்கு ஒரு தனிப் பயனும் உண்டு. வேலை கிடைத்த விதத்தைப் பற்றிச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியபோது, அறிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே அந்த நபரை அடிக்கடி சந்தித்தவர்கள் என்றார். நம் வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். புதிய செய்தி வட்டத்துக்கு வெளியிலிருந்தே வரும். ஓசூர் சிப்காட்டில் பயிற்சியாளர்களை எடுக்கிறார்கள் என்ற தகவல் அம்மாளின் மகனுக்கு அப்படித்தான் எதிர்வீட்டிலிருந்து வந்தது. வங்கி ஊழியர் இப்போது மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டார். கடையில் புளி வாங்கும்போது ஒரு கிள்ளு எடுத்து விரல்களால் பிசைந்து பார்த்து, இது ஆண்டு தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுகிறாராம்.