பளபளப்பு எதையும் மறைப்பதில்லை: சூப்பர் ஹீரோ தலைக்கவசத்தின் அறிவியல்

வீட்டில் செய்த சூப்பர் ஹீரோ தலைக்கவசங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. வடிவம் சரியாக இருக்கும், நிறமும் பொருத்தமாக இருக்கும். ஆனால் வெளிச்சத்தில் பிடித்ததும் உலோகமாகத் தெரியாது, பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்காகவே தெரியும். பழி கடைசியாக அடித்த பெயிண்ட் மேல் விழும். உண்மையில் அந்தக் குறை அதற்கு வெகு முன்பே, பட்டி பூசியபோதோ களிமண்ணில் வேலை செய்தபோதோ உள்ளே புகுந்துவிட்டது. பளபளப்பு அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

காரணம் எளிய ஒளியியல். மங்கலான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் கண்ணில் படுவதில்லை. பளபளக்கும் பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பரப்பு ஓரிடத்தில் 1 டிகிரி சாய்ந்திருந்தால், அங்கே பட்டுத் திரும்பும் கதிர் 2 டிகிரி விலகும். 2 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அதனால்தான் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத ஒரு குழி, டியூப்லைட்டின் நேரான பிம்பத்தை நெளிய வைக்கிறது. தலைக்கவசம் செய்வதில் பாதிக்கு மேல் இந்தக் குழிகளைத் துரத்தும் வேலைதான். முதலில் மில்லிமீட்டரில், பிறகு மைக்ரான் அளவில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

சிவப்பும் பொன்னுமாக மின்னும் ஓர் உலோகக் கவச நாயகனை எடுத்துக்கொள்வோம். தலையின் அளவுக்கு பிளாஸ்டரில் ஒரு தலை உரு, அதன் மேல் களிமண்ணில் கவசத்தின் வடிவம். சாதாரணக் களிமண்ணில் இருப்பது தண்ணீர். அது ஆவியாக ஆவியாக மண் சுருங்கி வெடிக்கும். சிற்பிகள் பயன்படுத்தும் எண்ணெய்க் களிமண் காய்வதே இல்லை, எத்தனை வாரமானாலும் இழைத்துக்கொண்டே இருக்கலாம். இடது வலது சமச்சீரைப் பார்க்க ஒரு கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். நாள்கணக்காகப் பார்த்துப் பழகிய கண் கோணலை ஏற்றுக்கொண்டுவிடும். பக்கம் மாறித் தெரியும் பிம்பம் அந்தப் பழக்கத்தை உடைக்கும்.

களிமண் முடிந்ததும் அதன் மேல் சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். பலரும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். துல்லியத்துக்கு விரும்பப்படும் சிலிக்கோன் வகை, பிளாட்டினத்தை வினையூக்கியாகக் கொண்டு இறுகுவது. அது இறுகும்போது சுருங்குவதே இல்லை எனலாம். ஆனால் எண்ணெய்க் களிமண் சிலவற்றில் கந்தகம் கலந்திருக்கும். கந்தகம் பிளாட்டினத்தோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாது. விளைவு, களிமண்ணைத் தொடும் பரப்பு மட்டும் எப்போதும் பசையாகவே நிற்கும். நமக்குத் தேவையான நுணுக்கம் முழுவதும் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது! லேடக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு தொட்டாலும் இதே கதிதான். ஆகவே கந்தகம் இல்லாத களிமண், நைட்ரைல் கையுறை. அல்லது தகரச் சேர்மத்தால் இறுகும் சிலிக்கோன். அது கொஞ்சம் சுருங்கும், ஆனால் கந்தகத்தைப் பொருட்படுத்தாது.

அச்சுக்குள் பாலியஸ்டர் ரெசினும் (இறுகிப் பிளாஸ்டிக்காகும் திரவம்) கண்ணாடி இழையும் அடுக்கினால் தலைக்கவசத்தின் ஓடு தயார். ரெசினில் சேர்க்கும் ஹார்ட்னர் ஒரு பெராக்சைடு. அது உடைந்து, எதனோடும் சட்டென்று வினைபுரியும் தனி உறுப்புகளை (free radicals) உண்டாக்கும். அவை ரெசின் சங்கிலிகளை, ரெசினிலேயே கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் மூலம் ஒன்றோடொன்று கோத்து வலையாக்கும். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் இந்தத் தனி உறுப்புகளைப் பறித்துக்கொள்வதால் காற்றுப் படும் பக்கம் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஹார்ட்னர் குறைந்துவிட்டது என்று நினைத்து அடுத்த முறை அள்ளிப் போடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கலவை கொதித்து, ஓடு விரிசல் விடும். சரியான வழி, காற்றை மறைப்பது: மேலே பிளாஸ்டிக் தாள் போடலாம், அல்லது மெழுகு கலந்த ரெசினைக் கடைசிப் பூச்சாகப் பூசலாம். மெழுகு தானாக மேலே மிதந்து வந்து மூடிக்கொள்ளும். ஸ்டைரீன் ஆவியைச் சாதாரணத் துணி முகமூடி தடுக்காது; கரி வடிகட்டி உள்ள முகமூடியும் திறந்தவெளியும் கட்டாயம் வேண்டும்.

களிமண்ணை விட்டுவிட்டு 3D பிரிண்டரில் தலைக்கவசத்தை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே அடுக்கடுக்காக உருவாவதால் 0.2 மில்லிமீட்டர் படிக்கட்டுகள் கவசம் முழுக்க இருக்கும், இனி வரும் வேலை அவர்களுக்கு இன்னும் அதிகம். அதில் பலரும் பயன்படுத்தும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகிவிடும். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் நெளிந்துவிடும்.

அடுத்தது, ஓட்டின் குழிகளை நிரப்பும் பட்டி. கார் டிங்கரிங் பட்டறையில் பூசுகிற அதே பட்டிதான்: பாலியஸ்டர் ரெசினில் டால்க் தூள் கலந்தது. டால்க் மென்மையான கனிமம் என்பதால் காய்ந்த பட்டி எளிதாகத் தேயும். முதலில் 80 எண் உப்புத்தாள். அதன் மணிகள் சுமார் 200 மைக்ரான். 400-ல் 35 மைக்ரான், 2000-ல் 10 மைக்ரான். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே வேலை, முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது. 80-லிருந்து நேராக 400-க்குத் தாவினால் ஆழமான கீறல்கள் அடியில் தங்கிவிடும். பெயிண்டின் கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது, அந்தக் கீறல்களின் வடிவத்தையே அது எடுத்துக்கொள்ளும். அடித்த அன்று கண்ணாடியாக இருந்தது இரண்டு வாரத்தில் கோடுகோடாகத் தெரிவது இப்படித்தான்.

தேய்க்கும்போது தாளை விரலால் அழுத்தாமல் ஒரு கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தேய்க்கும். கட்டை மேட்டை மட்டும் சீவும். எங்கே பள்ளம் என்று தெரிய, வெளிர் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் கறுப்பு ஸ்பிரேயை லேசாகத் தூவிவிட்டுத் தேய்ப்பார்கள். கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம். அனுபவமுள்ள பெயிண்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதையும் நான் முழுமனதாக நம்புகிறேன். 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், வெறும் 13 நானோமீட்டர் (நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயர வரிகள் கொண்ட பரப்பை வழவழப்பான பரப்பிலிருந்து மனித விரலால் பிரித்தறிய முடிந்தது.

இனி நிறம். நம் நாயகனின் கவசத்தில் மின்னும் சிவப்பு ஒரே பெயிண்ட் அல்ல. அடியில் வெள்ளி, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு. ஒளி சிவப்பைக் கடந்து, வெள்ளியில் பட்டு, மறுபடி சிவப்பைக் கடந்து வெளியே வருகிறது. அந்த ஆழம் இரட்டைப் பயணத்தால் கிடைப்பது. வெள்ளி பெயிண்டில் இருப்பவை அலுமினியச் செதில்கள். மெல்லிய பூச்சில் கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கச் சுருங்க, தரையில் உதிர்ந்த இலைகள் மாதிரி அவை தட்டையாகப் படிந்துவிடும். ஈரமாக, தடிமனாக அடித்தால் செதில்கள் உள்ளேயே புரண்டு கண்டபடி நிற்கும், பரப்பு திட்டுத்திட்டாகத் தெரியும். பொறுமையாக, மெல்லிய பல பூச்சுகள் அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, பெயிண்ட் வெண்மையாகப் பூத்துவிடும். ஈரமான நாளில் வேலையைத் தள்ளிப்போடலாம், அல்லது மெதுவாக ஆவியாகும் தின்னர் வாங்கலாம்.

கடைசியில் கிளியர் கோட், அதாவது நிறமற்ற பளபளப்பான மேல்பூச்சு. அது நன்றாக இறுகிய பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுகிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல்கள் அதைவிட மிகவும் சிறுத்துவிட்டால் ஒளி சிதறுவது ஏறக்குறைய நின்றுபோகும். விளிம்புகளில் மட்டும் கவனம் தேவை. ஈரமான பெயிண்ட் பரப்பு இழுவிசையால் கூரான விளிம்பை விட்டு விலகும், அதனால் பூச்சு அங்கேதான் மிக மெல்லியது. அங்கே மெஷினை வைக்காமல் கையால், துணியால் தேய்க்க வேண்டும். சிவப்பு தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்த்துவிட்டால் அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் சிவப்பு அடித்து ஒப்பேற்ற முடியாது, சுற்றிலும் படலம் இரட்டிப்பாகி அடர்ந்து தெரியும். அந்தப் பக்கம் முழுவதையும் தேய்த்து, மறுபடி வெள்ளியிலிருந்து தொடங்க வேண்டும்.