சவலைக் குட்டியின் உடலுக்குள் என்ன நடக்கிறது?

காட்பாடிக்குப் பக்கத்தில் ஒரு பன்றிப் பண்ணைக்குப் போயிருந்தேன். ஒரே ஈத்தில் பிறந்த பத்துக் குட்டிகளில் எட்டு கொழுகொழுவென்று இருந்தன. மற்ற இரண்டும் முதுகெலும்பு துருத்தி, தோல் வெளிறி, மூச்சு இரைக்கச் சுவரோரம் ஒண்டிக் கிடந்தன. “பால் மறந்ததும் சவலை பாய்ஞ்சிடுச்சு சார். தீனி கூட வெச்சும் தேறல” என்றார் பண்ணைக்காரர். ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

அந்த நெறிதான் என்னை யோசிக்க வைத்தது. குடற்புழுவாலும் குட்டி மெலியும். ஆனால் மெலிவு, வெளிறல், இரைப்பு, நெறி எல்லாம் சேர்ந்து வந்தால் ‘பன்றி சர்க்கோவைரஸ் 2’ மீதும் சந்தேகப்பட வேண்டும். இந்த வைரஸால் வரும் நோய் கனடாவின் மேற்குப் பகுதியில் 1991-இல் முதலில் கவனிக்கப்பட்டது. இந்தியப் பன்றிகளிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது.

வைரஸ்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று இது. குறுக்களவு சுமார் 17 நானோமீட்டர்தான். வட்டமான அதன் டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 1,770 எழுத்துகளே உண்டு. தன்னைப் படியெடுக்கும் நொதிகூட அதனிடம் கிடையாது. அதனால் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் நொதியைப் பயன்படுத்திக்கொள்கிறது.

குட்டியின் உடலில் அப்படிச் செல்கள் மும்முரமாகப் பெருகும் இடங்களில் ஒன்று நிணநீர்க் கணு, அதாவது நெறி கட்டும் இடம். வேறொரு கிருமி உள்ளே வந்தால் அதை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுகின்றன. வைரஸுக்கு வேண்டியதும் அதுவே! எதிர்ப்பு வலுக்க வலுக்க வைரஸும் பெருகுகிறது. அப்புறம் வெள்ளணுக்கள் குறைந்துபோய், சாதாரண நிமோனியாவுக்கும் கழிச்சலுக்கும் குட்டி தாங்காது. தின்ற தீனி சதையாக மாறுவதில்லை.

பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குப் போவதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் அவை கிடைக்கின்றன. சில வாரங்களில் கரைந்தும் விடுகின்றன. பால் மறக்கடித்து, வேறு ஈத்துக் குட்டிகளோடு கலந்து விடுவதும் அந்த நேரத்தில்தான். வேலூர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் என்றால் கேட்கவே வேண்டாம். சவலை தாய்ப்பாலை நிறுத்தியதால் வந்ததாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நல்ல ஆரோக்கியமான பன்றியிலும் இந்த வைரஸ் இருக்கலாம். ஆகவே ‘இருக்கிறது’ என்ற ஒரு சோதனை முடிவு போதாது. அறிகுறியும், கணுவில் உண்டான சேதமும், அங்கே வைரஸ் எவ்வளவு என்பதும் சேர்ந்து பொருந்த வேண்டும். இறந்த குட்டியைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அதற்காகத்தான்.

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. தடுப்பூசி உண்டு, பொதுவாக மூன்று வார வயதை ஒட்டிப் போடுகிறார்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் சோப்புத் தண்ணீர் அதை அசைக்காது. கொட்டகையைக் காலி செய்து, சாணத்தைச் சுரண்டிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த ஈத்துக் குட்டிகளை விடச் சொல்லிவிட்டு வந்தேன்.