வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். அன்றைக்கு மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களை மேடையேற்றிச் சால்வை போர்த்துவது பல ஊர்களில் வழக்கம். போர்த்தட்டும். ஆனால் ஒருவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ராத்திரி கண்விழித்துப் பார்த்துக்கொள்பவருக்குச் சட்டத்திலும் சில விஷயங்கள் உண்டு. பெரும்பாலும் கேட்டால்தான் கிடைக்கும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பாளர் யார் என்று சொல்லும்போது பெற்றோரையும் குடும்பத்தினரையும் சேர்த்தே சொல்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் பராமரிப்பாளர்தான். அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டம் வேண்டும் என்கிறது 24ஆவது பிரிவு. எவ்வளவு என்று சொல்லவில்லை. அரசின் பொருளாதார வசதிக்கு விட்டுவிட்டது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டம், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. அந்தப் பணம் டயப்பருக்கே காணாது. ஆனாலும் அது பார்த்துக்கொள்பவரின் கணக்கில் எழுதப்பட்ட பணம். தமிழ்நாட்டில் 1,500இலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்த மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளியின் பெயரில் வருவது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதற்கு மனு கொடுக்கும்போது, உதவியாளருக்கான தொகை பற்றியும் கேட்டுவிடுங்கள்.

மத்திய அரசு ஊழியராக இருந்தால் நிலைமை கொஞ்சம் மேல். மகன், மகள், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர் என இவர்களில் ஒருவர் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாட்டுடன் உங்களைச் சார்ந்திருந்தால், வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். 2014இல் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்காகத் தொடங்கியது, 2018 அக்டோபர் ஆணையில் இப்படி விரிந்தது. ‘நிர்வாக வசதிக்கு உட்பட்டு’ என்று ஒரு வால் இருக்கிறது. அதைக் காட்டி மறுப்பதும் நடக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு: பெண் ஊழியருக்கும், தனித்து வளர்க்கும் தந்தைக்கும் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். மற்றக் குழந்தைகளுக்கு 18 வயது வரைதான். மாற்றுத்திறன் குழந்தைக்கு வயது வரம்பு இல்லை. மாநில அரசு ஊழியர்களுக்கு விதிகள் வேறு. இந்த விடுப்பு கிடைக்காத ஓர் இமாச்சலப் பிரதேச ஆசிரியையின் வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகை அல்ல, அரசியலமைப்பு தரும் உரிமை என்று சொன்னது. தனியார் வேலையில் இருப்பவருக்கு இப்படிக் கைகாட்ட எதுவும் இல்லை. கம்பெனி மனசு வைத்தால்தான்.

பலருக்கும் தெரியாமல் போவது பாதுகாவலர் விஷயம். மகனுக்கு 18 வயது முடிந்த மறுநாள் முதல், சட்டப்படி அம்மா அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. அவனால் தானாக முடிவெடுக்க முடியாது என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும் வங்கி ஏற்காது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது: மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் மட்டக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான பாதுகாவலர் சான்று வாங்கலாம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. 17 வயது நடக்கும்போதே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுவது நல்லது. பக்கவாதத்தில் நினைவிழந்தவர், மறதிநோய் முற்றியவர் போன்றோருக்கு இந்தக் குழு உதவாது, உயர் நீதிமன்றம்தான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த ஒருவருக்கு அவருடைய மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. ஒரு சொத்தை விற்று மருத்துவம் பார்க்க அந்த அம்மா அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதுதான் நம் சட்டத்தில் உள்ள ஓட்டை.

வருமான வரி கட்டுபவருக்குக் கழிவு உண்டு. உங்களைச் சார்ந்த உறவினரின் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய். செலவு எவ்வளவு ஆனாலும் இதே தொகைதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 80டிடி பிரிவு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் வேறு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டுமே இது கிடைக்கும், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மருத்துவமனைக்கு அலைச்சலைக் குறைக்க, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகப் பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

ரயிலில், துணையில்லாமல் பயணிக்க முடியாத மாற்றுத்திறனாளிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை கூட வருபவர் ஒருவருக்கும் உண்டு. இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அது 75 சதவீதம். அரசு மருத்துவர் தரும் சான்றில் ‘துணையில்லாமல் பயணிக்க இயலாது’ என்ற வரி இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள்.