அனிமேஷன்னா இயங்குபடமா? அப்ப மத்ததெல்லாம்?

மதுரை காளவாசல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் போர்டுல "இயங்குபடப் பயிற்சி"ன்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கு. அனிமேஷனைச் சொல்றாங்களாம். செய்தியிலயும் இதே கூத்துதான், கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு.

அனிமேஷன் லத்தீன் சொல்லு. அனிமான்னா மூச்சு, உயிர். அனிமாரேன்னா உயிர் குடுக்குறது. படத்துக்கு இந்தப் பேரு வந்தது ரொம்பப் பின்னாடி. அம்புட்டுதான்.

சரி, இயங்குபடம்னா இயங்காத படம் எது? தங்கம் தியேட்டர்ல நம்ம ஆளுக விசிலடிச்சுப் பாத்ததெல்லாம் அசையாம நின்னுக்கிட்டா இருந்துச்சு? செகண்டுக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுனா எல்லாமே இயங்குற படம்தான். சினிமாங்கிற பேரே 1895ல லூமியர் சகோதரர்கள் படம் காட்டுன சினிமாட்டோகிராஃப்ங்கிற மெஷின் பேருல இருந்து சுருங்கி வந்ததுதான், அதோட கிரேக்க வேருக்கே அசைவுன்னுதான் அர்த்தம். ஊர்ப் பொதுநிலத்தை ஒரே வீட்டுக்குப் பட்டா போட்ட கதையா ஆயிருச்சு.

இலக்கணமும் இடிக்குது. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. அடங்கு, அடக்கு இல்லையா, அதே கணக்கு. இயங்குபடம் வினைத்தொகை, அதாவது படம் தானா இயங்குதுன்னு ஆகுது. ஆனா அனிமேஷன்ல எது தானா இயங்குது? ஒருத்தர் உக்காந்து ஒவ்வொண்ணா வரையணும், ஒரே படத்தை ரெண்டு ஃபிரேமுக்கு வச்சு ஒப்பேத்துனாலும் செகண்டுக்கு 12 படம் வேணும், களிமண் பொம்மைன்னா இத்துனூண்டு நகட்டி ஒரு ஃபிரேம் எடுத்து மறுபடி நகட்டி எடுக்கணும், கம்ப்யூட்டர்லயும் சும்மா வந்துராது. அந்த ஆளு இந்தச் சொல்லுல எங்கிட்டு இருக்காரு?

அசைவூட்டம்னு ஏற்கனவே ஒரு சொல்லு இருக்கு. சோறூட்டுறோம், நினைவூட்டுறோம், அந்த ஊட்டுதான். அசையாததுக்கு ஒருத்தர் அசைவு குடுக்குறாரு, அவரு அசைவூட்டுநர். உயிரூட்டம்தானே மூலத்துக்குக் கிட்டன்னு சிலர் சண்டைக்கு வர்றாங்க. கிட்டதான், ஆனா விமர்சனம் எழுதுறவங்க "பாத்திரத்துக்கு உயிரூட்டியிருக்கிறார்"னு எல்லா நடிகருக்கும் வாரி வழங்கிட்டாங்களே, இனி அதை வச்சு என்ன செய்ய. பேச்சுல பொம்மைப்படம்னு சொல்றோம், அது இருந்துட்டுப் போகட்டும், நல்லாத்தான் இருக்கு.

மொழிபெயர்க்கிறவங்க அகராதியப் பாக்குற அளவுக்குப் படத்தைப் பாக்குறதில்ல. லைவ் ஆக்‌ஷன் படத்தை ஒருத்தர் "நேரடி நடவடிக்கைப் படம்"னு எழுதியிருந்தாரு, ஏதோ ரெய்டு நடந்துருச்சுன்னு நெனச்சேன். நடிகர்கள் நடிச்ச படம்னு எழுதுனா குடியா முழுகிரும்?