தோலில்லாத உயிர்

செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கும் கல்பாசியைப் பினாங்கின் ஜார்ஜ் டவுன் மளிகைக் கடைகளில் பலரும் வாங்கியிருப்போம். பெயர் எப்படியிருந்தாலும் அது வெறும் பாசியன்று; லைக்கன். ஒரு பூஞ்சை, பாசியையோ ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பச்சைப் பாக்டீரியாவையோ தன் இழைகளுக்கிடையே குடிவைத்து, அது ஆக்கும் உணவில் தானும் வாழும் கூட்டுயிரியே லைக்கன். பினாங்குக் கொடிமலையின் மரப்பட்டைகளில் சாம்பல் நிறத் திட்டுகளாகப் படர்ந்திருப்பவற்றிலும் லைக்கன்கள் உண்டு.

இதற்கு வேரும் இல்லை, இலைகளுக்கு உள்ளதைப் போன்ற மெழுகுப் பூச்சும் இல்லை. மழையையும் மூடுபனியையும் உடல் முழுவதாலும் உறிஞ்சுவதால், அவற்றில் கரைந்திருக்கும் நஞ்சையும் சேர்த்தே குடிக்கிறது. புகைமூட்டம் சூழ்ந்தால் நாம் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம். லைக்கனுக்குச் சாத்த எதுவும் இல்லை. பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்களை ஆராய்ந்த ஃபின்லாந்துத் தாவரவியலாளர் நைலாண்டர், அவை காற்றின் தூய்மையைக் காட்டும் அளவுகோல் என்று 1866-லேயே எழுதினார்.

எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் என்னும் அரிய லைக்கன் இதற்குத் தக்க சான்று. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், குளிர்ந்த ஈரக் காடுகளிலுள்ள பால்சம் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்களின் பட்டையில் அது வாழ்கிறது. சுவீடனில் காடு வெட்டப்பட்டதால் வாழிடம் இழந்தது. அதன் கூட்டாளி நீலப்பச்சைப் பாக்டீரியா. பச்சைப்பாசி கொண்ட லைக்கன்களுக்குப் பெரும்பாலும் காற்றின் ஈரப்பதமே, உலர்ந்து உறங்கும் நிலையிலிருந்து விழித்தெழப் போதும். பாக்டீரியா கொண்டவற்றுக்கோ நீர்த்துளியே வேண்டும். எனவே அருகிலுள்ள மரங்களை மட்டும் வெட்டி, லைக்கன் படர்ந்த மரத்தை விட்டுவைத்தாலும், வெயிலும் காற்றும் உட்புகுந்து பட்டையை உலர்த்திவிடும். கோடரி படாமலே லைக்கன் மடியும். அமில மழையோ பட்டையின் காரத்தன்மையைக் குறைத்து, பாக்டீரியா நைட்ரஜனை நிலைப்படுத்தும் வேலையையும் கெடுக்கிறது.

எதிர்பாராத எதிரி ஒன்றும் உண்டு: மூஸ் மான். அத்தீவுக்கு உரியதல்லாத இவ்விலங்கில் நான்கை 1904-இல் கொண்டுவந்து விட்டனர். பெருகிய மான்கள் ஃபிர் கன்றுகளை மேய்ந்துவிடுவதால், முதிர்ந்த மரங்கள் சாயும்போது அவற்றின் இடத்தைப் பிடிக்க இளமரங்கள் இருப்பதில்லை. லைக்கனைத் தொடாமலே அதன் அடுத்த தலைமுறையின் வீட்டை மான் தின்றுவிடுகிறது எனலாம்.

இழந்ததை மீட்பதும் எளிதன்று. பல லைக்கன்கள் இரு கூட்டாளிகளும் அடங்கிய நுண்துகள்களை உதிர்த்துப் பரவுகின்றன. இவ்வினத்துக்கு அந்த வசதி இல்லை. பூஞ்சையின் வித்து தனியே காற்றில் போய், பொருத்தமான ஈரப்பட்டையில் விழுந்து, உரிய பாக்டீரியாவை அங்கேயே சந்தித்தாக வேண்டும்.